ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்குக் கத்தியில்லை, தழும்பில்லை என்று மருத்துவமனை விளம்பரங்கள் வந்தபடி இருக்கின்றன. சிறுநீரக வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தச் சிகிச்சைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடிவயிற்றைத் திறந்து சுரப்பியை எடுத்தவர்களுக்குக் கட்டு மாற்றியவள் என்பதால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தும் முறையின் அருமை எனக்குத் தெரியும். மிகப் பெரிய சுரப்பியானாலும் அதன் வீங்கிய உட்பகுதியை இப்போது ஹோல்மியம் என்ற லேசரால் குடைந்து எடுத்துவிடுகிறார்கள். பலருக்கு ஓரிரு நாளில் சிறுநீர் டியூபை எடுத்துவிடலாம்.

என் ஆதங்கம் வேறு. இந்த லேசர் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு உறவின்போது விந்து வெளியே வராது. பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறும். இதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை; விறைப்புத்தன்மையும் பொதுவாகக் கெடுவதில்லை. ஆனால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மறுபரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர், மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "எனக்கு ஆண்மை போய்விட்டதா சிஸ்டர்?" என்று குரல் நடுங்கக் கேட்டார். எத்தனை இரவுகள் தூங்காமல் கிடந்தாரோ! அறுவைக்கு ஒப்புதல் தந்து அவர் கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

சுரப்பியை நீராவியால் சுருக்கும் ரெசூம், கிளிப் போட்டு விலக்கிக் கட்டும் யூரோலிஃப்ட் ஆகிய முறைகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஆனால் அவை எல்லா அளவு வீக்கத்துக்கும் பொருந்தா. சிறுநீர் ஓட்டமும் லேசரில் கிடைக்கும் அளவுக்குச் சீராகாது. எதை விட்டு எதை ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான். சொல்லாமல் விட்டால் அவர் எப்படி முடிவெடுப்பார்?

தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும். விந்து பற்றி அதில் வெளிப்படையாக இருக்கட்டும். சில வாரங்கள் சிறுநீர் கசியலாம், இடையில் மறுபடி ரத்தம் கலந்து சிறுநீர் சிவப்பாகப் போகலாம் என்பதும் இருக்கட்டும். சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருப்பதால், பின்னாளில் அதில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு, ஆகவே அதற்கான அறிகுறியைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எப்போதெல்லாம் தேவை என்று மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். அறுவைக்கு முந்தின வாரமே, அவர் விரும்பினால் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பக்கத்தைச் செவிலியர் வாசித்துக் காட்டட்டும். சுகாதாரத் துறை இதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்