கடையை மறைக்காதீர்கள்: லண்டனில் சட்டம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹரோ, இல்ஃபர்ட் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பெரிய வர்த்தகச் சட்டக் கொம்பனி ஒன்றில் சொலிசிட்டராக வர நினைக்கிறது என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் அப்படியான ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன். ட்ரெயினிகளை எடுக்கும் காலத்தில் இன்டர்வியூ செய்வோரில் நானும் ஒருத்தி. அதைவிட, தெரிந்தவர்களின் பிள்ளைகள் வேறு கொம்பனிகளுக்கு அனுப்பும் விண்ணப்பங்களை 'அக்கா, ஒருக்கா பாருங்கோ' என்று கொண்டுவருவார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முறைப்பாடு சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் மேல் இல்லை. உங்கள் மேல்.

அதற்கு முதல், இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கனபேர் இதை மருத்துவப் படிப்பு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: பட்டம் முடிந்தால் வேலை. அப்படி இல்லை. ஊரில், இலங்கையில், பிரக்கிராசி (பத்திரங்களும் வழக்குப் பேப்பர்களும் பார்ப்பவர்), அப்புக்காத்து (கோர்ட்டில் வாதாடுபவர்) என்று இரண்டாக இருந்ததை 1974 முதல் ஒன்றாக்கிவிட்டார்கள். இங்கே இன்னும் சொலிசிட்டர் வேறு, பாரிஸ்டர் வேறு. சொலிசிட்டராக வருவதற்குப் பட்டத்துக்கு மேல் எஸ்.கியூ.ஈ. என்ற பரீட்சை இருக்கிறது. 2021 இல் வந்தது. அதோடு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். பெரிய கொம்பனிகளில் அந்த இரண்டு வருடத்துக்குப் பெயர் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட். பெரும்பாலும் ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவுகளில் இருந்து வேலை பழகுவார்கள்.

இதில் உங்களுக்குப் பிடிபடாமல் இருப்பது காலக் கணக்கு. இந்தக் கொம்பனிகள் ஏறத்தாழ இரண்டு வருடம் முந்தியே ஆளைத் தெரிவு செய்துவிடுகின்றன. சட்டம் படிக்கிற பிள்ளை இரண்டாம் வருடத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபரில் விண்ணப்பங்கள் திறக்கும். வக்கேஷன் ஸ்கீம் என்ற சில வாரப் பயிற்சிக்கான முடிவுத் திகதிகள் பெரும்பாலும் தைப்பொங்கலுக்கு முன்பின்னாக வந்துவிடும். கனக்கக் கொம்பனிகள் தங்கள் ட்ரெயினிகளில் பெரும்பகுதியை அந்த ஸ்கீமுக்கு வந்தவர்களிலிருந்துதான் எடுக்கின்றன. சில இடங்களில் விண்ணப்பம் வர வர வாசித்துக்கொண்டே போவார்கள், ஆகவே கடைசி நாளில் அனுப்புகிறவருக்கு மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம். மூன்றாம் வருடத்திலும் படித்து முடித்த பிறகும்கூட விண்ணப்பிக்கலாம், பலர் அப்படித்தான் உள்ளே வருகிறார்கள். ஆனால் பட்டமளிப்பு விழாப் படம் எடுத்த கையோடு 'இனி வேலை தேடு' என்று தொடங்குகிறீர்களே, அந்த நேரம் பக்கத்தில் நின்று படம் எடுத்த பிள்ளை ஏற்கெனவே ஒஃபரோடு நிற்கும்.

காசு விஷயம். லண்டனின் மிகப் பெரிய கொம்பனிகள் 2024 இல் ட்ரெயினிகளுக்கு முதல் வருடம் 56,000 பவுண் அளவிலும், சொலிசிட்டராகத் தகுதி பெற்றவுடன் 150,000 பவுணும் கொடுக்கத் தொடங்கின. இதைச் சொன்னவுடன் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதைவிடச் சின்ன விஷயம். எஸ்.கியூ.ஈ. பரீட்சைக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 5,000 பவுண், படிப்புச் செலவு அதற்கு மேல். ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் கொடுக்கும் பெரிய கொம்பனி இரண்டையும் தானே கட்டி, படிக்கும் காலத்துக்குக் கைச்செலவுக்கும் தரும். ஆகவே பிள்ளை விண்ணப்பித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டை அடகு வைத்துப் படிப்புக்குக் கட்ட ஓடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சரி, என் முறைப்பாட்டுக்கு வருகிறேன்.

எல்லாக் கொம்பனியும் ஏதோ ஒரு விதத்தில் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: வியாபாரம் எப்படி நடக்கிறது என்று உனக்கு விளங்குமா, அண்மையில் நடந்த ஒன்றை எடுத்துச் சொல். இதற்கு எங்கள் பிள்ளைகள் எழுதும் விடைகள் ஒன்றுபோலவே இருக்கும். வட்டி வீதம், செயற்கை நுண்ணறிவு, பைனான்ஷியல் டைம்ஸில் அந்தக் கிழமை வந்த ஒரு தலைப்பு. அதே பிள்ளை பதினான்கு வயதிலிருந்து சனி, ஞாயிறு முழுக்க உங்கள் கடைக் கல்லாவில் நின்றிருக்கும். அதைப்பற்றி ஒரு வரி இராது. ஏன் என்று கேட்டால், 'அப்பா வேண்டாம் எண்டவர் அக்கா. கடையெண்டு போட்டால் மதிக்க மாட்டினமாம்.'

பரதநாட்டிய அரங்கேற்றத்தைத் தாராளமாக எழுதச் சொல்கிறீர்கள். எழுதட்டும், அதில் பிழை இல்லை. அது இல்லாத தமிழ்ப் பிள்ளையின் விண்ணப்பத்தை நான் அநேகமாகக் கண்டதில்லை. கடையைத்தான் காணவில்லை.

உங்கள் கடை வாசலில் பிரீமியர் என்றோ லோண்டிஸ் என்றோ பெயர்ப்பலகை இருக்கிறதா? அந்தப் பெயர்களைச் சொந்தமாக வைத்திருக்கும் புக்கர் என்ற மொத்த வியாபாரக் கொம்பனியை டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் கொம்பனி 2018 மார்ச்சில் வாங்கியது. ஏறத்தாழ 3.7 பில்லியன் பவுண் பேரம். அதற்கு முன், இந்த இணைப்பால் போட்டி குறையுமா என்று அரசின் போட்டி, சந்தைகள் ஆணையம் மாதக்கணக்காக ஆராய்ந்து 2017 டிசெம்பரில்தான் சரி சொன்னது. தெருவின் அந்தப் பக்கம் டெஸ்கோ எக்ஸ்பிரஸ், இந்தப் பக்கம் உங்கள் கடை, இரண்டுக்கும் சாமான் வருவது இனி ஒரே கொம்பனியிடமிருந்து. அந்த நேரம் நீங்களும் மாமாவும் சித்தப்பாவும் சாப்பாட்டு மேசையில் இருந்து 'இனி எங்களுக்கு விலையை ஏத்துவாங்களோ, சாமானை ஒழுங்காத் தருவாங்களோ' என்று கதைத்திருப்பீர்கள். ஆணையத்தின் முன்னால் இருந்த கேள்வியும் ஏறத்தாழ அதேதான். சிட்டியில், அதாவது லண்டனின் வர்த்தக மையத்தில், போட்டிச் சட்டப் பிரிவில் இருக்கிறவர்கள் சம்பளம் வாங்குவது அப்படியான கேள்விகளுக்கு. உங்கள் பிள்ளை அதைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்திருக்கிறது, ஆனால் எழுதுவது வேறு யாரோ எழுதிய தலைப்பை.

இன்னும் அண்மையில் என்றால், 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை (இ-சிகரெட்டுகளை) விற்கத் தடை வந்தது. கையிருப்பை எப்படி முடித்தீர்கள், மொத்த வியாபாரி திருப்பி எடுத்தாரா, அதன்பின் அந்தத் தட்டில் எதை வைத்தீர்கள்? இதை நேர்த்தியாக ஒரு பந்தியில் எழுதினால் நான் கடைசிவரை வாசிப்பேன்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சொத்துச் சட்டப் பிரிவில் ஏன் விருப்பம் என்ற கேள்விக்கு ஏதோ பூசி மெழுகி எழுதியிருந்தான். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. கடை லீஸைப் புதுப்பிக்கும்போது கட்டடக்காரரின் சொலிசிட்டர் ஒரு கடிதக்கட்டு அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு தாளை வேறொரு சொலிசிட்டருக்கு முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும். தகப்பன் இவனையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த சொலிசிட்டரிடம் போய், 5 பவுண் கொடுத்து ஒப்பமிட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தத் தாளைத் தகப்பனுக்கு வாசித்து மொழிபெயர்த்தவன் இவன்தான். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். வியாபாரக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், லீஸ் முடிந்தாலும் தொடர்ந்து இருப்பதற்கும் புது லீஸ் கேட்பதற்கும் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு உரிமையைக் கொடுக்கிறது. அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று தகப்பன் எழுதிக்கொடுத்த தாள் அது.

கம்பஸில் நிலச்சட்டம் படிக்கும்போதுதான் அவனுக்கு அது என்ன என்று விளங்கியிருக்கிறது. 'அதையே எழுது' என்றேன். கட்டடக்காரருக்கு அதில் என்ன லாபம், தகப்பன் அதற்குப் பதிலாக என்ன கேட்டிருக்கலாம் – வாடகையைக் குறைக்கவா, லீஸ் காலத்தைக் கூட்டவா, இடையில் விட்டுவிட்டுப் போகும் உரிமையா – என்று அரைப் பக்கத்தில் எழுதினான். சொத்துப் பிரிவுக்கு வரும் புது ட்ரெயினி ஒருவருக்கு முதல் மாதத்தில் கிடைக்கும் வேலைகளில் இதே மாதிரிக் கடிதக்கட்டுகளைத் தயாரித்து அனுப்புவதும் ஒன்று. மேசையின் அந்தப் பக்கம் இருந்து அதை வாங்கிய அனுபவத்தோடு வருகிற ஆட்கள் எங்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

இனி, விண்ணப்பத்தின் பின்பக்கக் கேள்விகள். இங்கேதான் எனக்குக் கோபம் கூட.

பல கொம்பனிகள் பிள்ளையின் பெறுபேற்றை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தச் சூழலில் எடுத்த பெறுபேறு என்றும் பார்க்கின்றன. ஏ லெவல் பரீட்சையில் எல்லோரும் மூன்று ஏ எடுக்கும் பள்ளிக்கூடத்தில் ஏ, பி, பி எடுப்பதும், சராசரி சி ஆக உள்ள பள்ளிக்கூடத்தில் அதையே எடுப்பதும் ஒன்றல்ல. 2015 முதல் இதற்கென்று ஒரு முறை பல சட்டக் கொம்பனிகளில் பாவனையில் இருக்கிறது. அதற்காகத்தான் கேட்கிறார்கள்: பள்ளிக்கூடத்தில் இலவச மதிய உணவுக்குத் தகுதி இருந்ததா? அப்பா அம்மா பல்கலைக்கழகம் போனார்களா? அகதியாக இந்த நாட்டுக்கு வந்தாயா? உனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது வீட்டில் கூட உழைத்தவர் என்ன வேலை செய்தார்?

எங்கள் பிள்ளைகள் இதில் பாதிக்கு 'சொல்ல விரும்பவில்லை' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். சிலருக்கு விடையே தெரியாது. இலவசச் சாப்பாடு எடுத்ததை நீங்கள் சொன்னதில்லை. அப்பா அந்த வருடங்களில் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தாரா, அதற்கு முன் செக்யூரிட்டியா, எப்போது கடை எடுத்தார் என்று சரியாகத் தெரியாது. தெரிந்த பிள்ளை உங்களைக் கேட்டால், 'மனேஜர் எண்டு போடு' என்கிறீர்கள்.

போடவேண்டாம். பொய், அதுவும் சட்டத் தொழிலுக்கு வருகிற ஒருவர் விண்ணப்பத்தில் எழுதும் பொய். சொலிசிட்டராகப் பதியும்போது நேர்மையையும் பார்க்கிறார்கள். அப்புறம், அந்தப் பொய் பிள்ளைக்கே நட்டம். அந்தக் கேள்விக்குக் கீழே தெரிவு செய்வதற்கு ஒரு பட்டியல் வரும். சிறு வியாபார உரிமையாளர் என்ற வகைக்கு உதாரணமாக முதலில் போட்டிருப்பதே மூலைக்கடைக்காரரைத்தான். செக்யூரிட்டி, துப்புரவு வேலை, கடை உதவியாளர் எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. யாரையும் சிறுமைப்படுத்த அந்தக் கேள்வியை வைக்கவில்லை.

ஊரில் என்ஜினியராக இருந்து இங்கே கல்லாவில் நின்றவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கேள்வி ஊரைப்பற்றியது அல்ல, பிள்ளைக்குப் பதினான்கு வயதானபோது என்ன வேலை என்பதுதான். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் எடுத்திருந்தால் பல்கலைக்கழகக் கேள்விக்கு ஆம் என்று போடவேண்டும், அதையும் மறைக்கக்கூடாது. இதை எழுதினால் குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸுக்குப் போகுமோ என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். போகாது. பெரும்பாலும் ஆட்சேர்ப்புப் பிரிவு மட்டும்தான் பார்க்கும், இன்டர்வியூ செய்கிற எங்களுக்கே அது காட்டப்படுவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்துக்குப் பிறகு இணையத்தில் ஒரு பரீட்சை வரும். பல இடங்களில் வொட்சன் கிளேசர் என்ற தர்க்கப் பரீட்சை. ஒரு பந்தியைக் கொடுத்து, அதிலிருந்து இந்த முடிவுக்கு வரலாமா, இல்லை தகவல் போதாதா என்று கேட்பார்கள். நாற்பது கேள்வி, அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் 'கீழை வந்து பால் பெட்டியை இறக்கு' என்று கூப்பிடாதீர்கள். (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.) அதையும் தாண்டினால் அசெஸ்மென்ட் சென்டர்: குழுவாக ஒரு வேலை, எழுத்து வேலை, கொம்பனியின் பங்காளர் (பார்ட்னர்) ஒருவரோடு இன்டர்வியூ. அந்தப் பங்காளர் வேண்டுமென்றே மறுத்துக் கதைப்பார். பிள்ளை தன் நியாயத்தில் நிற்கிறதா, நியாயமான மறுப்பு வந்தால் மாற்றிக்கொள்கிறதா என்று பார்க்கத்தான். எங்கள் பிள்ளைகள் பெரியவர் மறுத்த உடனே 'யெஸ், யூ ஆர் ரைட்' என்று அடங்கிவிடுகிறார்கள். அது எங்கே பழகியது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வீட்டில் கொஞ்சம் வாதாட விடுங்கள்.

கிடைக்காமல் போவதும் சாதாரணம். சிட்டியில் இன்று இருக்கும் கனபேர் ஒன்றுக்கு மேற்பட்ட வருடம் விண்ணப்பித்தவர்கள். இடையில் பிள்ளை பராலீகலாக, அதாவது சொலிசிட்டருக்கு உதவியாளராக, வேலைக்குப் போனால் 'கிளார்க் வேலையோ' என்று கேட்காதீர்கள். எஸ்.கியூ.ஈ. முறையில் அந்த இரண்டு வருட அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்து எடுக்கலாம். உங்கள் தெருவில் குடிவரவு வழக்குப் பார்க்கும் தமிழ் சொலிசிட்டரின் அலுவலகமும் அதில் ஒன்றாக இருக்கலாம், அங்கே செய்வது உண்மையான சட்ட வேலையாக இருந்து, ஒரு சொலிசிட்டர் அதை உறுதிப்படுத்தினால்.

செப்டெம்பருக்கு முன் ஒரு பின்னேரம் கடையை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு இருங்கள். எந்த வருடம் வந்தீர்கள், எங்கெங்கே என்ன வேலை செய்தீர்கள், கடையை யாரிடமிருந்து என்ன விலைக்கு எடுத்தீர்கள், எந்த வருடம் நட்டம், ஏன் என்று சொல்லுங்கள். பிள்ளை குறிப்பெடுக்கட்டும். அப்படியே லீஸையும் தேடி எடுத்துக் கொடுங்கள். 1954 சட்டத்தைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பிள்ளையே உங்களுக்குப் பார்த்துச் சொல்லட்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்களுக்கும் தேவைப்படும்.

அன்புடன்,
சிட்டியில் வேலை செய்யும் உங்கள் தங்கச்சி ஒருத்தி