பின் டேங்கை ஓடவைத்த அண்ணனுக்கு நன்றி

என் பழைய பிக்கப்புக்கு முன்னும் பின்னுமாக இரண்டு எரிபொருள் டேங்க். முன் டேங்கில் வண்டி ஜோராக ஓடும். சுவிட்சைப் பின் டேங்குக்கு மாற்றினால் திணறி நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லாம் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத்தான் குறை சொன்னார்கள். ரோட்டோரம் உதவ வந்த அண்ணன் அதைத் தொடவே இல்லை. ஒரு டேங்கில் சரியாக ஓடினால், இரண்டுக்கும் பொதுவான ஃபில்டரிலும் எஞ்சினிலும் கோளாறு இருக்காது என்றார். பின் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப் முனகவில்லை. அடியில் படுத்து டெஸ்ட் லைட்டை வைத்தால் கனெக்டர் வரை கரண்ட் வருகிறது! அப்படியானால் கரண்ட் திரும்பும் வழியில்தான் கோளாறு என்று, சேசிஸில் துருவேறிக் கிடந்த எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து முடுக்கினார். பம்ப் உறுமியது. பேர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணே!