ராத்திரியோட ராத்திரியா கோட திருத்தி வைக்கிற டீம் லீடுகளுக்கு

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மாடி ரூம்ல பத்து கம்ப்யூட்டர் போட்டு சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்துற, இல்லன்னா அதுல டீம் லீடா இருக்குற எல்லாருக்கும்தான் இத எழுதுதேன். நானும் ஒங்க ஆளுதான், பதினோரு வருசமா இதே பொழப்பு.

நமக்கு ஒரு வியாதி இருக்கு. புதுசா சேந்த பிள்ளை கோடு எழுதி அனுப்பும், அத பாத்து தலையில அடிச்சிட்டு, பிள்ளை பஸ்ஸுக்கு போனப்புறம் நாமளே உக்காந்து மொத்தத்தையும் மாத்தி எழுதி மெயின் கோடோட சேத்து மெர்ஜ் பண்ணிருவோம். டெலிவரி முடிஞ்சிரும். மறுநாள் வந்து பாத்தா அது எழுதுன ஒரு வரி அங்க இருக்காது, ஏன் போச்சுன்னும் தெரியாது, கேக்கவும் பயம். அடுத்த மாசம் அதே தப்பு திரும்ப வரும், நாம டீக்கடையில நின்னு "இப்ப வர்ற பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல"ன்னு சொல்லிட்டு இருப்போம்.

நான் செஞ்ச கூத்தையும் சொல்லிருதேன். ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்ல தம்பி ஒருத்தன் ரூபாய் பைசாவ ஃப்ளோட்ல, அதாவது புள்ளி வச்ச எண்ண தோராயமா வைக்கிற வகைல, வச்சிருந்தான், வரி போட்டு ரவுண்ட் பண்ணுற இடத்துல அங்கங்க ஒரு பைசா இடிச்சுது. ராத்திரியே எல்லாத்தையும் பைசா பிசகாம வைக்கிற டெசிமல் வகைக்கு மாத்திட்டேன், அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு ஜிஎஸ்டி ரிப்போர்ட்ல மறுபடியும் ஃப்ளோட்! அன்னைக்குதான் பக்கத்துல உக்கார வச்சு, பைத்தான் மொழில 0.1 + 0.2 அடிச்சு பாருடேன்னேன். 0.30000000000000004ன்னு வந்துச்சு, அவன் மூஞ்சிய பாக்கணுமே. கம்ப்யூட்டர் ஃப்ளோட்ட பூச்சியம், ஒண்ணுன்னு ரெண்டின் கணக்குல (பைனரி) வைக்கிறதால 0.1 அதுக்குள்ள முழுசா அடங்காது, நமக்கு மூணுல ஒரு பங்கு 0.333ன்னு முடியாம போகுதுல்லா, அதே கததான். இத சொல்ல பத்து நிமிசம்கூட ஆகல. இப்ப அவனே மத்தவன் கோடுல அத பிடிக்கான்.

எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுனவரு. புது ஆள நேரா நல்ல மரத்துல விடமாட்டாவ, முறிச்சு விக்கப்போற கிழட்டு மரத்துல கத்திய குடுத்துட்டு பக்கத்துல நிப்பாவ. கத்தி பட்டைய தாண்டி தடியில பட்டா அந்த இடம் முடிச்சு முடிச்சா வளரும், பொறவு அதுல ஒழுங்கா வெட்ட முடியாது. அதனால வெட்டுற நேரத்துலயே கைய பிடிச்சு நிறுத்துவாவ, அவன் வீட்டுக்கு போனப்புறம் வேற ஆளு வந்து சரி பண்ணுற பேச்சே கிடையாது.

அதனால நாப்பது ஃபைல ஒரே புல் ரிக்வெஸ்ட்டா (கோட பாத்து சேத்துக்கோங்கன்னு அனுப்புறது) வாங்கி வைக்காதீங்க, ஒரு நாள் வேலைய ஒரு நாள்ல பாத்து குடுங்க, "இது தப்பு"ன்னு மட்டும் எழுதாம ஏன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. ஒவ்வொரு மாத்தத்தையும் கமிட்டா சேமிக்கும்போது எழுதுற குறிப்பு, அந்த கமிட் மெசேஜ் "ஃபைனல்", "ஃபைனல் 2"ன்னு வந்தா திருப்பி அனுப்புங்க. கோடோட எல்லா மாத்தத்தையும் சேத்து வைக்கிற கிட் (Git) சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்ட போட்டுட்டு அடுத்த கமிட்ல அழிச்சா போயிரும்னு நினைக்கிற பிள்ளைட்ட ஹிஸ்டரிய திறந்து காட்டுங்க, பழைய கமிட்ல அப்படியே கிடக்கும், பாஸ்வேர்டையே மாத்துறதுதான் வழின்னு அதுக்கே புரியும். எல்லாரும் இருக்குற க்ரூப்ல போட்டு திட்டுறத மட்டும் விட்டுருங்க, அதுல எவனும் எதுவும் படிக்கல, நானும் படிக்கல.

இப்படி கோட பாத்து சொல்ற ரிவ்யூவ நாலு மணிக்கு வைங்க. ஆறு மணி தாண்டுனா பிள்ளைகளுக்கு மனசு பூரா வடசேரி பஸ் ஸ்டாண்ட்லதான் இருக்கும்.

இப்படிக்கு,
குலசேகரத்துக்காரன் ஒருத்தன்