உயில் இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயில் எழுதி வையுங்கள் என்று சொல்ல ஆள் நிறைய. எழுதியவர் போன பிறகு எந்த மாதிரி வக்கீலிடம் போவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

அப்பாவின் வீட்டை விற்க, கிரயப் பத்திரம் எழுதுவதில் கெட்டிக்காரர் என்று ஒருவரைப் பிடித்தோம். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் புரொபேட் வேலை அவருக்குப் பழக்கமில்லை. அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிரதி எடுப்பதற்காக அவருடைய உதவியாளர் அசல் உயிலின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி, மறுபடி குத்தினார். மூலையில் இரண்டு துளை கூடுதல். அவ்வளவுதான்! நடுவில் தாள் மாற்றப்பட்டதா என்று கேள்வி வந்து, பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகே ஓய்ந்தது. அதற்குள் வீட்டை வாங்க வந்தவர் கையை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கடன் தரவிருந்த வங்கி புரொபேட் உத்தரவைக் கேட்டது.

வக்கீலிடம் முதல் நாளே, ‘நீங்கள் யாருக்கு வக்கீல்?’ என்று கேளுங்கள். உயிலை நிறைவேற்றுபவரின் வக்கீல், வாரிசுகள் எல்லோருக்கும் வக்கீல் அல்ல. இது தெரியாமல் என் தங்கைக்கு இன்றும் மனத்தாங்கல். சரி, கட்டணம்? சொத்து மதிப்பில் சதவீதம் என்றால், அடமானக் கடனைக் கழிக்கும் முன்பா, கழித்த பிறகா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வீடு அப்புறம் வேறொரு வக்கீல் மூலம் விற்றது. அவர் முதலில் செய்த வேலை, உயிலை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டதுதான்.

– ஒரு வாசகர்