பெயர் சொல்லாமல் போன ஜீப் டிரைவர் அண்ணனுக்கு

மேகமலையில், ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு போகும் வழியில், சேற்றில் புதைந்த எங்கள் பழைய ஜிப்ஸியை மீட்டுக் கொடுத்த எஸ்டேட் ஜீப் டிரைவர் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

ஃபோர் வீல் லீவரைப் போட்டும் பின்சக்கரங்கள்தான் சுழன்றன. எல்லோரும் கயிறு தேட, அவர் நேராக முன்சக்கரத்தை அச்சுத்தண்டோடு பூட்டிவிடும் லாக்கிங் ஹப்பைக் கழற்றினார். உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகி இறுகிக் கிடந்தது. டீசலில் கழுவி, துடைத்து, புது கிரீஸை மெல்லிசாகத் தடவினார். அப்பிவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியரில் போட்டு, வண்டியை உறுமவிடாமல் ஊர்ந்தே வெளியே கொண்டுவந்தார். அந்த நிதானம் யாருக்கு வரும்!

காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை தூக்கலாக.

அண்ணே, ஹப் இப்போது கை வைத்தாலே திரும்புகிறது. சின்னமனூர் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாங்க.