முருங்கைச் சாறு கலந்த உறைவிந்துக் குச்சி கேட்பவர்களுக்கு

மாடு வளர்ப்போருக்கும் சினை ஊசி போடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

"முருங்கை போட்ட உறைவிந்து வந்திருக்காமே, அதைக் குடுங்க" என்று இந்த மாதம் பலர் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இந்த மடல்.

சினை ஊசிக்காகக் காளையின் விந்தை மெல்லிய குழலில் அடைத்து உறைய வைத்ததைத்தான் குச்சி என்கிறோம். விந்தணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்பு மிகுந்தது. திறந்து வைத்த கடலை எண்ணெய் காறிப்போவதுபோல, உறைய வைக்கும்போதும் உருக்கும்போதும் அந்தக் கொழுப்பும் காறுகிறது. செத்த அணு பக்கத்து அணுவையும் கெடுக்கும். எருமை விந்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். விந்தோடு கலக்கும் முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் குளிரைத் தாங்க உதவுகின்றன. காறலுக்கு அவை போதவில்லை. அதற்காகத்தான் முருங்கை இலை, பச்சைத் தேயிலை, மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்று ஆய்வகங்களில் துளித்துளியாகக் கலந்து பார்க்கிறார்கள். உருக்கிய பின் நீந்தும் அணுக்கள் கூடியதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. அளவு மிஞ்சினால் அதே சாறு அணுவைக் கொன்றுவிடும். மாட்டுக்குப் போட்டு, எத்தனை சினை நின்றது என்று எண்ணிய ஆய்வுகளோ குறைவு. அந்தக் கணக்கு தெளிவாக வரும்வரை மூலிகைப் பெயருக்காக உங்களிடம் கூடுதல் விலை வாங்க எங்களுக்கு மனமில்லை.

ஒருவர், "குச்சியை வெட்டி நாமே ஒரு சொட்டு விட்டுக்கலாமா?" என்றார். ஐயா, வேண்டாம்! உறைவதற்கு முன்பே கலக்க வேண்டிய பொருள் அது.

0.25 மில்லி குச்சியில் 2 கோடி அணுக்கள், உருக்கிய பின் பாதியாவது நீந்த வேண்டும். இது நம் நாட்டு அரசு வைத்திருக்கும் வரையறை. எந்தக் கடையில் வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

போன வாரம் ஒருவர் நல்ல காளையின் குச்சிதான் கொண்டுவந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை, தூசிபோலக் கிடந்தது. விசாரித்தால், போன் பேசிக்கொண்டே குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தேடுவாராம். உள்ளே மைனஸ் 196 டிகிரி, வெளியே நம் ஊர் வெயில். எந்த மூலிகை என்ன செய்யும்?

சந்தேகம் இருந்தால் கேனோடு வாருங்கள். ஒரு குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி உருக்கி, உங்கள் கண்முன்னே பார்த்துச் சொல்கிறோம், காசு வேண்டாம். நைட்ரஜன் வண்டி செவ்வாய்க்கிழமை வரும். நிரப்ப வேண்டியவர்கள் அன்றே வந்தால் இரண்டு வேலையும் முடியும்.

இப்படிக்கு,
கடைக்காரர்