கை தூக்காதவர்களின் விடை

அன்புள்ள மாலதிக்கு,

நலம். நீ தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. புதிதாக வரும் செவிலியர்கள் சந்தேகம் கேட்கவே தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தத் தயக்கம் நாங்கள் செவிலியர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது. ‘புரிந்ததா?’ என்றால் எல்லாத் தலைகளும் ஆடும், முதல் வரிசையில் இருவர் விடை சொல்வார்கள், பாடம் நகர்ந்துவிடும்.

இப்போது கிளிக்கர் முறையில் நடத்துகிறேன். கேள்வி திரையில் வரும். ஒவ்வொருவரும் செல்பேசியில் விடையை அழுத்துவார்கள். யார் எதை அழுத்தினார் என்று தெரியாது. எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் பட்டைகளாக எழும்.

அண்மையில் இப்படிக் கேட்டேன்: 1000 மில்லி சலைன், 8 மணி நேரம், டிரிப் செட்டில் (சலைன் சொட்டாக இறங்கும் குழாயில்) மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை ஏறக்குறைய 42. உயர்ந்து நின்ற பட்டையோ 125. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கு அவரவர் கணக்கை விளக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சுகளுக்கு இடையே நடந்தபடி காதுகொடுத்தேன். சிலர் 1000-ஐ 8-ஆல் வகுத்து, மணிக்கு எத்தனை மில்லி என்பதோடு நின்றிருந்தார்கள். வேறு சிலர் குழந்தைகள் வார்டில் கற்ற மைக்ரோ செட் குறுக்குவழியைப் போட்டிருந்தார்கள்: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் அந்த செட்டில் 125 சரியான விடைதான்! முதல் கூட்டத்துக்குக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு, செட்டின் உறையைப் படிக்கும் பழக்கத்தை. பட்டையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. மறுபடி அழுத்தியபோது 42 மேலேறியது.

தனியாக விடை, சக மாணவரோடு வாதம், மறு வாக்கு: ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்புக்காக வகுத்த முறை இது. வண்ண அட்டைகளை வைத்தும் செய்யலாம். பலர் கருவியை எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள வாதத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். வேகத்துக்குப் புள்ளி தரும் வினாடி வினாச் செயலிகள் மருந்தளவுக் கணக்குக்கு ஆகவே ஆகாது. இருமுறை சரிபார்க்கப் பழக்க வேண்டிய இடத்தில் அவை அவசரத்தைப் பழக்குகின்றன.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். நல்ல கேள்விக்கு உயிர் அதன் தவறான விடைகளில் இருக்கிறது. அவற்றை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்ய எனக்கு விருப்பமில்லை. உன் வார்டில் கடைசி நொடியில் தடுக்கப்பட்ட மருந்துத் தவறுகளை, நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், எழுதி அனுப்பு. இன்சுலினும் பொட்டாசியமும் முதலில் வரட்டும். அடுத்த பருவத்தில் அவற்றைத்தான் எடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
செல்வி